எசமான் இல்லாத ஜாக்கைச் சாமுராய் என்று சொல்லலாமா?

வைகைக்கரையான் எழுதியது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனோடு உட்கார்ந்து 'சாமுராய் ஜாக்' தொடரை முதல் பகுதியிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினேன். ஜென்டி டார்டகோவ்ஸ்கி உருவாக்கிய இந்தத் தொடர் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியது. அப்போது நான் கல்லூரி மாணவன். அக்கு என்னும் அரக்கன் ஒரு நாட்டை அழிக்கிறான். அந்நாட்டு மன்னரின் மகன் பல தேசங்களில் வித்தை பயின்று, மந்திர வாளோடு திரும்பி வந்து அவனை வீழ்த்தப் போகும் கணத்தில், அக்கு அவனைக் காலத்தின் வழியே எதிர்காலத்துக்கு வீசிவிடுகிறான். அங்கே உலகம் முழுவதும் அக்குவின் ஆட்சிதான் நடக்கிறது. கதை இவ்வளவே.

இரண்டாம் பகுதி முடியும் முன்பே மகன் கேட்டான்: "சாமுராய் என்றால் ஒரு பிரபுவிடம் வேலை பார்க்கும் வீரன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஜாக் யாரிடம் வேலை பார்க்கிறான்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசிக்க யோசிக்க அவன் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றியது. சாமுராய் என்ற சொல், அருகிலிருந்து பணிசெய்தல் என்று பொருள்படும் 'சபுராவு' என்ற பழைய ஜப்பானிய வினையிலிருந்து வந்தது. ஹெயான் காலத்தில் (எட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை) பிரபுக்களின் மாளிகைகளில் காவலும் ஏவலும் செய்தவர்களையே அது குறித்தது. பிற்காலத்தில் அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது அரிசி. கொக்கு என்பது அதன் அளவு. ஒரு கொக்கு ஏறத்தாழ 180 லிட்டர். ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்று கணக்கு. நாம் செஞ்சோற்றுக்கடன் என்று உருவகமாகச் சொல்வது அங்கே அளந்து கொடுக்கப்பட்ட நிஜச் சோறு. அந்தச் சோறு நின்றுபோனவனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ரோனின். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'அலை மனிதன்'. தமிழில் அலை என்ற சொல்லுக்குக் கடலலை, திரிந்து அலைதல் என்று இரு பொருளும் இருப்பதால் அது நமக்கு விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

ஜாக் அலைகிறான். நாடு, தலைவன், சம்பளம் எதுவும் அவனுக்கு இல்லை. ஆகவே தொடரின் பெயரே பிழை, 'ரோனின் ஜாக்' என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோலிக்குண்டு எழுதியது:

அண்ணா, பேசும் நாய்கள் தொல்லியல் ஆய்வு செய்யும் ஒரு கார்ட்டூனில் அரிசிக் கணக்குப் பார்க்க வேண்டுமா என்பதே என் முதல் கேள்வி. இருந்தாலும் விவாதத்துக்காக ஒன்று சொல்கிறேன். முதல் நான்கு பருவங்களில் தொடக்க முன்னுரையாகக் கதையைச் சொல்லும் குரல் அக்குவினுடையது. அந்த முன்னுரையில், தன்னை எதிர்த்து வந்த ஒரு மூடச் சாமுராய் வீரன் என்றுதான் அவன் ஜாக்கைக் குறிப்பிடுகிறான். பரம எதிரியே ஒப்புக்கொண்ட பட்டத்தை நாம் ஏன் பறிக்க வேண்டும்? (மாகோ அவர்களின் அந்தக் குரலைக் கேட்டால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கும். அவர் 2006இல் காலமானதால், 2017இல் வந்த ஐந்தாம் பருவத்தில் வேறொருவர் பேச வேண்டியதாயிற்று.)

பழம்புத்தகக்காரன் எழுதியது:

வைகைக்கரையான் சொல்லின் வேரைச் சரியாகப் பிடித்திருக்கிறார். முடிவுக்கு மட்டும் சற்று அவசரமாக வந்துவிட்டார். சாமுராய், ரோனின் என்ற இரண்டையும் அவர் ஒன்றுக்கொன்று எதிரான இரு பெட்டிகளாக வைத்துக்கொள்கிறார். சட்டத்திலும் நடைமுறையிலும் அவை அப்படி இருக்கவில்லை.

முதலில், ரோனின்கள் எப்படி உருவானார்கள் என்று பார்க்க வேண்டும். 1600இல் செகிகஹாராப் போரில் தோற்ற தரப்பின் பிரபுக்கள் பலருடைய நிலங்கள் பறிக்கப்பட்டபோது, அவர்களை நம்பியிருந்த வீரர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1614-15இல் ஒசாகாக் கோட்டையில் டொயொடொமி ஹிதெயோரிக்காகப் போரிடக் குவிந்தவர்களில் பெரும்பகுதி இவர்களே. அதன் பிறகும், போரில் வென்று நாட்டை ஆண்ட டோகுகாவா அரசு பிரபுக்களின் வம்சங்களை ஒழித்துக்கொண்டே இருந்தது. வாரிசு இல்லாமல் பிரபு இறந்தால் நிலம் போய்விடும், மரணப்படுக்கையில் சுவீகாரம் எடுப்பதும் செல்லாது என்று விதி இருந்தது. 1651இல் யுயி ஷோசெட்சு என்பவரின் தலைமையில் ரோனின்கள் தீட்டிய கலகத் திட்டம் வெளிப்பட்ட பிறகுதான், வேலையற்ற வாள்வீரர்களைப் பெருக்குவது ஆபத்து என்று அரசுக்கு உறைத்து, அந்தச் சுவீகார விதி தளர்த்தப்பட்டது.

இந்த மனிதர்கள் எதை இழந்தார்கள், எதை இழக்கவில்லை? சம்பளத்தையும் குடியிருப்பையும் இழந்தார்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகரின் எளிய மக்கள் வாழ்ந்த வரிசை வீடுகளில் தங்கி, குடைக்குக் காகிதம் ஒட்டியும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தும் கஞ்சிக்கு வழி தேடினார்கள். காவல் விஷயத்தில் நகர நடுவரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களானார்கள். ஆனால் குடும்பப் பெயரும், இடுப்பில் நெடுவாள் குறுவாள் இரண்டும் அவர்களிடமே இருந்தன. குடைக்குப் பசை தடவும் அந்தக் கூடத்தின் மூலையில் வாள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தச்சனுக்கு அந்த உரிமை கிடையாது.

இனி வழக்குக்கு வருகிறேன். 1701இல் அகோ என்னும் ஊரின் பிரபு அசானோ நகானோரி, எடோ கோட்டைக்குள் கிரா யோஷினகா என்ற அதிகாரியை வாளால் தாக்கினார். (அரக்கன் அக்கு வேறு, ஊர் அகோ வேறு.) கிரா காயத்தோடு தப்பினார், அசானோ அன்றைக்கே வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி ஆணையிடப்பட்டார், அவருடைய நிலம் பறிக்கப்பட்டு வீரர்கள் ரோனின்கள் ஆனார்கள். ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் கழித்து, ஓயிஷி குரானொசுகே தலைமையில் நாற்பத்தேழு பேர் கிராவின் மாளிகைக்குள் புகுந்து அவர் தலையைக் கொய்து, தங்கள் பிரபுவின் சமாதியில் வைத்தார்கள். சோறு நின்று இருபத்தொரு மாதங்களுக்குப் பிறகு சோற்றுக்கடன் தீர்க்கப்பட்டது.

இவர்களை என்ன செய்வது என்று அரசு தடுமாறியது. கன்பூசிய அறிஞர்கள் இரண்டு பட்டார்கள். இறுதியில் 1703இல் நாற்பத்தாறு பேருக்கும் விதிக்கப்பட்டது செப்புக்கு, அதாவது வயிற்றைத் தாமே கிழித்து உயிர்விடுதல். கொள்ளைக்காரர்களைப் போலக் கழுத்தை வெட்டிப் போட்டிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. நான்கு பிரபுக்களின் வீடுகளில் பதினேழு, பத்து, பத்து, ஒன்பது என்று பிரித்து வைத்து, சாமுராய்க்கு உரிய முறையில் சாக அனுமதித்தார்கள். எசமான் இல்லாதவன் சாமுராய் இல்லை என்றால், செப்புக்கு என்ற அந்தச் சலுகைக்கு அவர்கள் எப்படித் தகுதி பெற்றார்கள்?

வைகைக்கரையான் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் இரண்டு இடங்களில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த நாற்பத்தேழு பேருக்கு எசமான் இருந்தார். இறந்துபோனார் என்பது மட்டுமே வேறுபாடு. அவர்கள் செய்தது அனைத்தும் குறிப்பிட்ட அந்த ஒருவருக்காக. ஆகவே நீங்கள் காட்டிய சான்று, எசமான் என்ற நிபந்தனையைத் தகர்ப்பதற்குப் பதிலாக உறுதிப்படுத்துகிறது என்றே நான் வாசிக்கிறேன். அடுத்தது, உலகம் அவர்களை எந்தப் பெயரால் நினைவில் வைத்திருக்கிறது? 'நாற்பத்தேழு ரோனின்கள்' என்றுதானே? இவ்வளவு பெரிய விசுவாசத்துக்குப் பிறகும் சாமுராய் என்ற பெயர் அவர்களுக்குத் திருப்பித் தரப்படவில்லையே.

தம்பி கோலிக்குண்டுக்கு: அக்கு சொன்னதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. அவன் ஜாக்கை மூடன் என்றும்தான் சொல்கிறான்; அதையும் சேர்த்து ஏற்றுக்கொள்வீர்களா?

ஒசாகாவாசி எழுதியது:

ஒன்பது ஆண்டுகளாக ஒசாகாவில் வசிப்பவள் என்ற முறையில், பெயரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

நாற்பத்தேழு ரோனின்கள் என்பது வெளிநாட்டார் பெருவழக்காக்கிய பெயர். இங்கே மக்கள் வாயில் அதிகம் வருவது 'அகோ ரோஷி', இன்னும் மரியாதையாகச் சொன்னால் 'அகோ கிஷி'. கிஷி என்றால் அறத்தின் வழி நின்ற வீரர். இந்த இரண்டிலும் கடைசியில் வரும் 'ஷி' என்ற எழுத்தைக் கவனியுங்கள். போர்வீரனைக் குறிக்கும் புஷி என்ற சொல்லில் வருவதும், உழவர், கைவினைஞர், வணிகர் ஆகியோருக்கு மேலாக முதலில் வைத்து எண்ணப்பட்ட வகுப்பின் பெயரும் அதே எழுத்துதான். அதனால் ரோஷி என்பதைப் பிரித்தால் அலை என்ற எழுத்தும் வீரன் என்ற எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நீங்கள் ஒன்றோடொன்று சேராது என்று சொல்லும் இரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன, ஐயா.

ரோனின் என்ற சொல்லும் வாள்வீரர்களுக்கென்றே பிறந்ததில்லை. மிகப் பழைய காலத்தில், தன் பெயர் பதிவாகியிருந்த நிலத்தை விட்டு ஓடிப்போன குடியானவனை அது குறித்தது. இன்றைக்கோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தவறி, அடுத்த ஆண்டுக்காகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. எங்கள் மாடியில் வசிக்கும் அம்மாள் தம் மகனைப் பற்றிக் கேட்டால், "இந்த வருஷம் ரோனின்" என்று கையை விரித்துச் சிரிப்பார். அவன் மாணவன் இல்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. சேர இடம் கிடைக்காத மாணவன் என்பதே அதன் பொருள். நிலம், பிரபு, கல்லூரி எதுவாக இருந்தாலும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதவன் என்ற பொருள் மட்டும் இந்தச் சொல்லை விட்டு நீங்கவில்லை.

தேன்மொழி எழுதியது:

நான் ஓவியம் படித்தவள். வரலாறு எனக்குத் தூரம். ஆகவே ஜாக்கின் உருவத்தை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் தலையைப் பாருங்கள். எடோ காலத்து (டோகுகாவா ஆட்சிக்காலத்து) சாமுராய்கள் முன்தலையிலிருந்து உச்சி வரை மழித்து, மீதி முடியை எண்ணெயிட்டு முடிந்து உச்சியின் மீது மடித்து வைப்பார்கள். ஜாக்கின் தலையில் மழிப்பே இல்லை. நெற்றியிலிருந்து முடி முழுவதையும் பின்னால் இழுத்துக் குடுமியாக முடிந்திருக்கிறான். கபுகி நாடக மேடையிலும் பழைய ஜப்பானியப் படங்களிலும், மழிக்காமல் முடி வளர்ந்துவிட்ட தலை என்றால் பார்வையாளர் உடனே ரோனின் என்று புரிந்துகொள்வார்கள். சவரத்துக்குக் காசில்லாதவன் அல்லது யாருக்காகவும் சவரம் செய்ய வேண்டாதவன் என்று அதற்கு அர்த்தம்.

அடுத்து இடுப்பு. பழம்புத்தகக்காரன் ஐயா இரண்டு வாள்களைச் சொன்னார். ஜாக்கிடம் வழக்கமாக ஒன்றுதான் இருக்கிறது. குறுவாள் இல்லை. இது ஓவியருக்கு வசதியான முடிவு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்: டார்டகோவ்ஸ்கியின் தொடரில் உருவங்களுக்கு வெளிக்கோடு கிடையாது, எல்லாம் தட்டையான வண்ணப் பரப்புகள். வெள்ளை அங்கியின் மேல் ஒரே ஒரு கறுப்புக் கோடு போல அந்த உறை சாய்ந்திருப்பதில் உள்ள அழகு இரண்டாவது வாள் வந்தால் கெட்டுவிடும். ஆனாலும் எடோ கணக்குப்படி அது அரை அடையாளம்தான்.

மூன்றாவது பாதம். அவனுடைய மரச்செருப்பை முரடர்கள் நொறுக்கிவிடும் ஒரு பகுதி வரும். வேறு வேறு காலணிகளைப் போட்டுப் பார்க்கிறான். எதுவும் சரிப்படவில்லை, சண்டையும் ஓடவில்லை. மறுபடி மரச்செருப்பு கிடைத்த பிறகுதான் அவன் அவனாகிறான். நகைச்சுவைப் பகுதிதான். என்றாலும் சாமுராய்த்தனத்தை எசமானிடமிருந்தும் வாளிடமிருந்தும் பிரித்து, உடம்பின் பழக்கத்தில், கால் தரையில் பதியும் ஓசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், தொடரை உருவாக்கியவர்கள் தலையை ரோனினுக்கும் காலைச் சாமுராய்க்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பேன்.

கோலிக்குண்டு எழுதியது:

தலை ஒருவருக்கு, கால் ஒருவருக்கு என்றால் வயிறு யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. செப்புக்கு பற்றிப் பேசும் இழையில் அது பொருத்தமான நகைச்சுவை இல்லை என்பதால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பழம்புத்தகக்காரன் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒரு முடிச்சு இருக்கிறது. ஜாக் ரோனினா என்று கேட்பதற்கு முன், அக்கு அவனை எதிர்காலத்துக்கு வீசுவதற்கு முந்தைய நாளிலாவது அவன் சாமுராயாக இருந்தானா என்று கேட்க வேண்டும்.

அவன் பேரரசரின் மகன். ஜப்பானிய வழக்கில் பேரரசர் குடும்பமும் அரசவைப் பெருமக்களும் ஒரு பிரிவு. போர்க்குடிகள் வேறு பிரிவு. பேரரசரின் வழித்தோன்றல்கள் போர்க்குடிகளாக மாறியது உண்டு. மினமொட்டோ, டைரா என்னும் இரு பெருங்குலங்களும் அப்படி வந்தவையே. ஆனால் அதற்கு அவர்கள் இளவரசர் என்ற நிலையை விட்டு இறங்கி, குடும்பப் பெயர் பெற்றுக் குடிமக்களாக வேண்டியிருந்தது. பேரரசர் குடும்பத்துக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இளவரசராக இருந்துகொண்டே ஷோகன் (போர்க்குடிகளின் தலைமை ஆட்சியாளர்) பதவி ஏற்றவர்களும் உண்டு. 1252இல் கமகுராவுக்கு அழைத்துவரப்பட்ட முனெடகா ஓர் எடுத்துக்காட்டு. அவரைக்கூட யாரும் சாமுராய் என்று அழைத்திருக்க மாட்டார்கள். அவர் பணிசெய்யப்படுபவர், பணிசெய்பவர் அல்லர்.

தொடரில் வரும் தந்தை அரண்மனைத் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பேரரசர் போல இல்லை, கவசம் அணிந்து தானே அக்குவோடு போரிட்டவர், ஆகவே அவரைப் பெரும் பிரபு என்று கொள்ளலாமே என்று ஒருவர் சொல்லலாம். சரி. அப்போதும் ஜாக் எசமானை இழந்த வேலைக்காரன் ஆகமாட்டான்; நாட்டை இழந்த வாரிசு ஆகிறான். ரோனின் என்ற சொல் அவனுக்குப் பொருந்தவே பொருந்தாது. தந்தை இறந்த கணத்தில் அவனே எசமான். இல்லாமல் போனவர்கள் அவனுடைய சாமுராய்கள்தான்.

வைகைக்கரையானின் வரையறையை நேராக மேலே கொண்டுபோனால் இன்னொரு சிக்கலும் வரும். ஒவ்வொரு வீரனுக்கும் மேலே ஓர் எசமான் வேண்டும் என்றால், ஏணியின் உச்சியில் நிற்பவன் யார்? 1603இல் ஷோகன் ஆன டோகுகாவா இயெயாசுவுக்குப் பெயரளவில் பேரரசர் மேலே இருந்தார். அவரிடம் இயெயாசு அரிசி வாங்கி உண்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். மாறாக, பேரரசரின் செலவுக்கான நிலத்தை ஒதுக்கிக் கொடுத்ததே டோகுகாவா அரசுதான். மேலே ஆள் இல்லாததாலேயே அவரைப் போர்க்குடியிலிருந்து நீக்கிவிட முடியுமா?

மாறான திசையிலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். 1600இல் கரையொதுங்கிய டச்சுக் கப்பலில் வந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில மாலுமிக்கு இயெயாசு நிலம் கொடுத்தார், வாள்கள் கொடுத்தார், மியூரா அஞ்ஜின் என்ற பெயரும் கிடைத்தது. எசமான், நிலம், வாள் என மூன்றும் உண்டு. அவரைச் சாமுராய் என்று எழுதுபவர்கள் ஏராளம். ஜாக்கோ அங்கேயே பிறந்தவன். வித்தையை மட்டும் வெளியே கற்றான். மற்போர் கிரேக்கரிடம், வில் ராபின் ஹுட்டிடம், கைச்சண்டை ஷாவோலின் துறவிகளிடம்! எசமான் என்ற ஒற்றை நிபந்தனையை வைத்தால் ஆடம்ஸ் உள்ளே, ஜாக் வெளியே. இந்த முடிவு உங்களுக்கு உவப்பானதா?

நிலவறை எழுதியது:

இரு தரப்பும் ஒரு பொறியை நோக்கி நடப்பதாகப் படுகிறது. எசமான் என்ற நிபந்தனை கைவிட்டுப் போனதும், அடுத்த பதிவில் யாராவது வந்து, சாமுராய் என்பது நெறி, புஷிடோ என்ற ஒழுக்கத்தைக் காப்பவன் எவனோ அவனே சாமுராய் என்று சொல்லப்போகிறார். அதை முன்கூட்டியே தடுக்க விரும்புகிறேன்.

புஷிடோ என்று இன்று உலகம் அறிந்திருக்கும் அழகான நெறித்தொகுப்பு, பெரும்பாலும் நிடோபே இனாசோ 1900இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. அவர் மோரியோகாவின் சாமுராய்க் குடும்பத்தில் 1862இல் பிறந்தவர். அவர் எழுதும்போது சாமுராய் என்ற வகுப்பே சட்டத்தில் இல்லை. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிந்தன. 1873இல் எல்லாக் குடிகளிலிருந்தும் ஆள் எடுக்கும் கட்டாயப் படைச்சேவை வந்தது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. கைவிட்டுப்போன ஒன்றைப் பற்றி எழுதினால் அது எப்போதும் இருந்ததைவிடத் தூய்மையாகத்தான் தெரியும்.

உண்மையில் நெறி என்ன என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததில்லை. மேலே புகழப்பட்ட அதே அகோ வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாகா நாட்டுச் சாமுராய் யமமொட்டோ சுனெடோமோ, அவர்கள் இவ்வளவு காலம் காத்திருந்தது தவறு, அதற்குள் கிரா நோய்வாய்ப்பட்டு இறந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டார். சட்டோ நவோகட்டா என்ற அறிஞரோ, அசானோவுக்குத் தண்டனை விதித்தது அரசு, கிரா அல்லர். ஆகவே அங்கே பழிவாங்க எதுவுமே இல்லை என்றார். இவர்களில் யாருடைய நெறியைக் கொண்டு ஜாக்கை அளக்கப்போகிறீர்கள்?

ஆகவே என் முடிவு வறட்டுத்தனமானது. ஒரு காலத்தில், ஒரு நாட்டில், ஒரு பதிவேட்டில் பெயர் இருந்தவன் சாமுராய். ஜாக்கின் எதிர்காலத்தில் அப்படியொரு பதிவேடு கிடையாது. அங்கே அவன் வாள் வைத்திருக்கும் ஒரு நல்ல மனிதன், அவ்வளவுதான்.

வைகைக்கரையான் எழுதியது:

மூன்று நாள்களாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இடையில் மகனோடு ஐந்தாம் பருவத்தையும் பார்த்து முடித்தோம். பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகவும், முடிவைச் சொல்லப்போகிறேன்.

'ரோனின் ஜாக்' என்ற என் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பழம்புத்தகக்காரன் சொன்னது சரி: ரோனின் என்பவன் பிறர் வீட்டில் இருந்த இடத்தை இழந்தவன், ஜாக் இழந்தது தன் சொந்த வீட்டை. ஆனால் நிலவறை சொல்லும் பதிவேட்டு வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு ஐந்தாம் பருவமே காரணம்.

ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜாக்குக்கு வயது மட்டும் ஏறவில்லை. மந்திர வாள் தொலைந்துவிட்டது. தாடி வளர்த்து, கவசம் மாட்டி, துப்பாக்கி ஏந்தி, இயந்திர வண்டியில் திரிகிறான். தேன்மொழி காட்டிய தலை, இடுப்பு, கால் என்ற மூன்று அடையாளங்களில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த நிலையில் அவனை ஒரு குதிரைவீரனின் ஆவியுருவம் பின்தொடர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் கல்லறைகளுக்கு நடுவே, ஆவிகள் சூழ அமர்ந்து, வயிற்றைக் கிழித்துக்கொள்ளத் தயாராகிறான். செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. அவனுக்கு ஆணையிட எசமானும் இல்லை, தீர்ப்பளிக்க அரசும் இல்லை. ஆனாலும் அந்தத் தண்டனை தனக்கு உரியது என்று அவன் நம்புகிறான். அவனைக் கொல்ல வந்து பின்பு துணையாகிவிட்ட ஆஷி என்ற பெண் வந்து தடுக்காமல் இருந்திருந்தால் செய்துமிருப்பான். பழம்புத்தகக்காரன் அகோ வழக்கில் கேட்ட கேள்வி, செப்புக்குவுக்குத் தகுதி பெற்றவன் யார் என்பது. இங்கே அதை அரசு தரவில்லை, அவனே எடுத்துக்கொள்கிறான். சாமுராய் இல்லாதவனை அந்தக் கத்தி இப்படி மிரட்டாது.

இன்னொன்றும் கவனித்தேன். தொடர் முழுவதும் அவனுடைய பிறப்புப் பெயர் சொல்லப்படுவதே இல்லை. ஜாக் என்பது எதிர்கால நகரத்துத் தெருப் பையன்கள் கொச்சையாகக் கூப்பிட்டது. அவன் அதையே வைத்துக்கொண்டான். ஊர் போயிற்று, பேர் போயிற்று, அவனுடைய காலத்திலிருந்து அவனோடு வந்து சேர்ந்த ஒரே சொல் சாமுராய். அதையும் நான் பிடுங்கப் பார்த்தேன்.

சொல்லின் வேரைச் சொல்லித்தான் நான் இந்த வழக்கைத் தொடுத்தேன் என்பதால், அதே வழியில் நம் சொல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சேவகன் என்றால் இன்று ஏவலாள். பழந்தமிழிலோ சேவகம் என்பதற்கு வீரம் என்ற பொருளும் உண்டு. சேவகன் என்றால் வீரன். யாருக்குச் சேவகன் என்று கேட்காமலே அந்தப் பொருளில் பாடியிருக்கிறார்கள். பணியிலிருந்து வீரத்துக்குப் போன சொல், பணி நின்ற பிறகும் வீரத்தைக் கைவிடாதது நம் மொழியிலும் நடந்திருக்கிறது.

மகனிடம் இவ்வளவையும் சொன்னேன். "கடைசியில் அக்குவைக் கொன்று அப்பா அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டானே, அப்போது வேலை கிடைத்துவிட்டதா?" என்று கேட்டான். இளவரசனுக்கு வேலை எதற்கு என்றேன். "அப்படியானால் வேலை பார்த்ததெல்லாம் எசமான் இல்லாத அந்த ஐம்பது வருஷத்தில்தான்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

நிலவறை எழுதியது:

உங்கள் மகனுக்கு என் வணக்கம். பதிவேட்டு வாதத்தை நான் கைவிடவில்லை. அந்தக் கல்லறைக் காட்சிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

ஒசாகாவாசி எழுதியது:

பதிவேடு என்றதும் நினைவுக்கு வந்ததைச் சொல்கிறேன். மேலே நாற்பத்தேழு பேர் புகுந்தார்கள், நாற்பத்தாறு பேர் இறந்தார்கள் என்று எழுதப்பட்டிருந்தது. மீதி ஒருவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் டெராசகா கிச்சியெமோன். பிரபுவின் நேர்ச் சாமுராய்களின் வரிசைக்குக் கீழே இருந்த காலாட்படை ஆள். மற்றவர்களோடு அந்த இரவில் அவரும் போனார். அவருக்குச் செப்புக்கு விதிக்கப்படவில்லை. அவர் தப்பி ஓடினாரா, செய்தி சொல்ல அனுப்பப்பட்டாரா, தகுதி குறைவென்று விலக்கப்பட்டாரா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். 1747இல், எண்பத்து மூன்று வயதில் இறந்தார்.

டோக்கியோவில் அந்த வீரர்களின் சமாதிகள் இருக்கும் செங்காகுஜி கோயிலுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். வாசலுக்கு அருகில் ஊதுவத்திக் கட்டைப் பற்றவைத்துத் தட்டில் வைத்துத் தருகிறார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் சில குச்சிகளை வைத்துக்கொண்டே நகர வேண்டும். புகையில் கண் எரிய, எனக்கு முன்னால் போன முதியவர் ஒருவர் எண்ணி எண்ணி வைத்துக்கொண்டு போனார். டெராசகாவுக்கும் அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. அதன் முன்னும் அவர் குச்சியை வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.